உங்களுக்குத் தெரியுமா? – பூங்கா வண்டிக்கு பெட்ரோலா, பேட்டரியா?

● கலிஃபோர்னியாவில் டிஸ்னிலேண்ட் திறந்த 1955 ஜூலை 17 அன்றே, சிறுவர்கள் தாங்களே ஸ்டீயரிங் பிடித்து ஓட்டும் ‘ஆட்டோபியா’ கார்களும் ஓடத் தொடங்கிவிட்டன. எல்லாமே பெட்ரோல் வண்டிகள். அவை ஓடும் பகுதியின் பெயரோ ‘டுமாரோலேண்ட்’, அதாவது நாளைய உலகம். அந்தக் கார்களில் பெட்ரோலைக் கைவிடப்போவதாக 2024இல்தான் டிஸ்னி அறிவித்தது.

● ஹாங்காங் டிஸ்னிலேண்டில் 2006இல் வந்த ஆட்டோபியா, முதல் நாளிலிருந்தே மின்சாரத்தில் ஓடியது. 2016இல் மூடப்படும்வரை அப்படியே!

● சாலையில் மின்சாரக் கார் ஓட்டுபவருக்கு, பாதி வழியில் சார்ஜ் தீர்ந்துவிடுமோ என்ற கவலை உண்டு. பூங்காவில் அது இல்லை. சில நிமிடங்களில் வண்டி புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடும். பூங்கா மூடிய பிறகு சார்ஜ் ஏற்ற இரவு முழுவதும் இருக்கிறது.

● பெட்ரோலுக்கும் ஒரு பலம் உண்டு. டேங்கை நிரப்ப ஓரிரு நிமிடம் போதும். விடுமுறை நாளில் வரிசை குறையாதபோது பேட்டரி வண்டியைச் சார்ஜுக்காக ஓரங்கட்ட முடியாது. அதனால் மாற்று வண்டிகளையோ, வேகமாகச் சார்ஜ் ஏற்றும் வசதியையோ முன்கூட்டியே திட்டமிட வேண்டும்.

● பொருட்காட்சியில் நாம் இடித்து விளையாடும் ‘டாஷிங் கார்’ 1920களிலேயே மின்சாரத்தில் ஓடியது. பின்னால் நிற்கும் கம்பி, மேலே உள்ள வலையை உரசி மின்சாரத்தை இறக்கும். தரையிலுள்ள உலோகத் தகடு சுற்றை முடிக்கும். அவ்வப்போது தலைக்கு மேல் தெறிக்கும் நீலப் பொறி, கம்பி வலையைவிட்டு விலகும் கணத்தில் வருவது.

● மின்சார வண்டிக்கு வேகம் வராது என்பவர்களுக்கு: ஃப்ளோரிடாவின் எப்காட் பூங்காவில் ‘டெஸ்ட் டிராக்’ கார்கள், பாதையிலிருந்தே மின்சாரம் எடுத்து மணிக்குச் சுமார் 105 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கின்றன.

● கலிஃபோர்னியா டிஸ்னிலேண்டில் 1959இல் வந்த நீர்மூழ்கிப் படகுகள் டீசலில் ஓடின. 1998இல் நிறுத்தப்பட்ட அதே சவாரி, 2007இல் மின்சாரத்தில் திரும்பி வந்தது.

● எல்லாவற்றையும் மின்சாரத்துக்கு மாற்றினால்தான் தீர்வு என்றில்லை. அதே டிஸ்னிலேண்டின் நீராவி ரயில்களுக்கு, சமையலறையில் பயன்படுத்திய எண்ணெயிலிருந்து பயோடீசல் தயாரித்தார்கள்.

● பெட்ரோல் வண்டி, ஆள் ஏறி இறங்கும் நேரத்திலும் உறுமிக்கொண்டே புகைவிடும். மின் மோட்டார் நின்றால் நின்றதுதான். மிதித்ததும் முழு இழுவிசையோடு கிளம்பும். நின்று நின்று ஓடும் சவாரிக்கு இதைவிடப் பொருத்தம் ஏது?

● பெட்ரோல் புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தாழ்வான காரில் உட்கார்ந்திருக்கும் குழந்தையின் முகம், முன்னால் போகும் வண்டியின் புகைக்குழாய்க்கு வெகு அருகில் இருக்கிறது. குழந்தை சில நிமிடங்களில் இறங்கிப் போய்விடும். பெல்ட் மாட்டிவிடும் ஊழியரோ, பணி முடியும்வரை அதே மேடையில் நிற்கிறார். வண்டியை மாற்ற அவர் ஒருவரே போதுமான காரணம்.