கொழுத்த எலிக்கு ஏன் நோய் வரவில்லை?

வேலம்பாளையத்துப் பனியன் கம்பெனியில் ஒன்றரை ஷிப்ட் தையல் மிஷினில் உட்கார்ந்து எழும் பெண்ணுக்குக் கால் மரத்துப்போனால், அசதி என்று விட்டுவிடுகிறோம். பெரும்பாலும் அது அசதிதான். மிகச் சிலருக்கு அது மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ். உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு அணுக்களே மூளை, தண்டுவட நரம்புகளின் மயலின் உறையை அரிக்கும் நோய் இது. ஆண்களைவிடப் பெண்களையே அதிகம் தாக்குகிறது. இதில் உடற்கொழுப்புக்கும் பங்கு இருக்கலாம் என்றால் நம்புவது கடினம். கொழுப்பை வெறும் சேமிப்பு மூட்டையாகவே பார்த்துப் பழகிவிட்டோம். ஆனால் கொழுப்பணுக்கள் லெப்டின் என்ற ஹார்மோனைச் சுரப்பதை 1994-ல் ஜெஃப்ரி ஃபிரீட்மன் குழு கண்டறிந்தது. பசியைக் கட்டுப்படுத்துவதோடு நோய் எதிர்ப்பு அணுக்களையும் அது உசுப்பிவிடுகிறது. பிறவியிலேயே லெப்டின் சுரக்காத ஒருவகை எலிகள் உருண்டையாகக் கொழுக்கும். ஆனால் சோதனைச்சாலையில் இந்நோயின் மாதிரி வடிவம் அவற்றுக்கு எளிதில் வருவதில்லை. இத்தாலிய விஞ்ஞானிகள் லெப்டினைச் செலுத்திய பிறகு வந்தது. ஆக, கொழுப்பின் அளவைவிட அது சுரப்பதே முக்கியம் என்று தோன்றுகிறது.

எலிக்குப் பொருந்துவது மனிதருக்கும் பொருந்துமா? 2009-ல் வெளியான அமெரிக்கச் செவிலியர் ஆய்வில், 18 வயதில் பிஎம்ஐ (உயரத்தை வைத்துக் கணக்கிடும் எடை அளவு) 30-ஐத் தாண்டியிருந்த பெண்களுக்கு இந்நோயின் அபாயம் இரு மடங்காக இருந்தது. நோய் வந்து நடமாட்டம் குறைந்ததால்தான் எடை கூடியது என்று மறுக்கலாம். ஆனால் இங்கே எடை முந்தியது, நோய் பிந்தியது. எடையைக் கூட்டும் மரபணுக்களைக் கொண்டு 2016-ல் நடந்த ஆய்வும் அதையே காட்டியது. இருந்தாலும் அந்தத் தீர்ப்பு எடையைப் பற்றியதே, லெப்டினைப் பற்றியதல்ல. கொழுப்பு சுரக்கும் இன்னொரு ஹார்மோனான அடிபோனெக்டினை இதே முறையில் சோதித்தபோது தொடர்பு தெரியவில்லை. குண்டாக இருப்பவர் எல்லோருக்கும் நோய் வருவதில்லையே என்பதும் நியாயமான கேள்விதான். எப்ஸ்டீன்-பார் வைரஸ் தொற்றினால் அபாயம் 32 மடங்கு கூடுவதாக 2022-ல் தெரியவந்தது. அந்த வைரஸோ ஏறத்தாழ எல்லோர் உடலிலும் இருக்கிறது. பல காரணங்கள் சேர்ந்தே இந்நோயைக் கொண்டுவருகின்றன. லெப்டின் அவற்றில் ஒன்றாக இருக்கலாம் என்பதற்கு மேல் இன்று சொல்ல முடியாது.

நம் ஊரில் இது அரிய நோய் என்பதும் உண்மை. மங்களூரில் கணக்கெடுத்தபோது லட்சத்துக்கு 8 பேர் அளவில்தான் இருந்தது. ஆனால் தமிழ்நாட்டில் அதிக எடை கொண்ட பெண்கள் 40.4 சதவீதம் என்கிறது ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பு. ஒல்லியானவர்களும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. புனே மருத்துவர் யாஜ்னிக்கும் லண்டன் மருத்துவர் யூட்கினும் 2004-ல் தங்களையே அளந்து காட்டினார்கள்: இருவருக்கும் பிஎம்ஐ 22.3, உடற்கொழுப்போ யூட்கினுக்கு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. எடை மிஷின் சொல்வதை மட்டும் நம்பாமல், பதின்வயதுப் பிள்ளைகளின் இடுப்புச் சுற்றளவையும் கவனியுங்கள். லெப்டினைச் சரிசெய்வதாகச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். நோய் இருப்பவர்கள் எடையைக் குறைத்தால் போதும் என்று மருந்தை நிறுத்தாதீர்கள். ஒரு கண்ணில் வலியோடு பார்வை மங்கினாலோ, மரத்துப்போனது ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலோ, நரம்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். கோவை அரசு மருத்துவமனையில் நரம்பியலுக்கென்றே பிரிவு இருக்கிறது.