நடுவர் நாடும் நமது வயலும்

“நோர்வேக்காரர் வந்து எங்களுக்கு என்ன கிடைத்தது?” கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்து பின்னர் இடம்பெயர்ந்த எவரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. அந்த நாட்டின் கை எவ்வளவு தூரம் நீளக்கூடியது என்று பார்த்தால் விடை ஓரளவு புலப்படும்.

நோர்வே ஒரு வல்லரசு அல்ல. 2002 இல் அதன் சனத்தொகை ஏறத்தாழ 45 இலட்சம். இலங்கையின் சனத்தொகையில் கால்பங்குகூட இல்லை. ஆனால் எண்ணெய் வளம் உண்டு, பிற நாடுகளுக்குத் தாராளமாக உதவும் வழக்கமும் உண்டு. காரைநகர் சீநோர் படகுகளை வடபகுதி மீனவர்கள் மறந்திருக்கமாட்டார்கள். இப்படிப்பட்ட நடுத்தர நாடுகளால் படைகொண்டு எவரையும் பணியவைக்க முடியாது. பணமும் நற்பெயரும், பெரிய நாடுகளோடுள்ள உறவுமே அவற்றின் பலம். நோர்வே 1949 முதல் நேட்டோவில் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்வதையோ அதன் மக்கள் 1972 இலும் 1994 இலும் வாக்களித்து மறுத்தார்கள். இந்தச் செய்தி நமக்கு எதற்கு என்று எண்ணவேண்டாம். அது மன்னார் வரை வந்தது.

நோர்வேயின் அனுசரணையுடன் 2002 பெப்ரவரி 22 இல் யுத்தநிறுத்த உடன்படிக்கை ஏற்பட்டது. வழிபாட்டுத் தலங்களை 30 நாட்களிலும் பாடசாலைகளை 160 நாட்களிலும் படைகள் விட்டு வெளியேற வேண்டும் என்று அதில் எழுதப்பட்டது. மக்களின் வயற்காணிக்கு அப்படியொரு நாட்கணக்கு எழுதப்படவில்லை. சமரசம் செய்பவர் இரு தரப்பும் இணங்குவதையே எழுதமுடியும் என்பது உண்மைதான். ஆயினும் உழவனுக்கு அது பெரும் குறை.

அடுத்து உதவிப் பணம். 2003 ஏப்ரலில் உதவி வழங்கும் நாடுகளின் கூட்டம் ஒன்று வாஷிங்டனில் நடந்தது. அமெரிக்கா 1997 இலேயே விடுதலைப் புலிகளைத் தடைசெய்திருந்ததால் அவர்கள் அங்கு செல்ல முடியவில்லை. சில நாட்களில் அவர்கள் பேச்சுவார்த்தையை இடைநிறுத்தினர். யூன் மாதம் டோக்கியோவில் 450 கோடி டொலர் வரை தருவதாக நாடுகள் வாக்களித்தன. ஆனால் சமாதான முன்னேற்றத்தோடு அதைப் பிணைத்தன. பேச்சு நின்றது, பிணைத்த பணமும் தடுமாறியது. நோர்வேயால் மேசையைப் போட முடிந்தது. எவர் வந்து அமரலாம் என்பதை அதைவிடப் பெரிய நாடு தீர்மானித்தது.

கண்காணிப்புக் குழுவுக்கும் அதுவே நடந்தது. அதில் நோர்வே, ஐஸ்லாந்து, சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் இருந்தனர். மன்னாரிலும் அலுவலகம் இருந்தது. 2006 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியமும் புலிகளைத் தடைசெய்தது. ஒன்றிய நாட்டவர் வெளியேற வேண்டும் எனப் புலிகள் கோரவே, பின்னைய மூன்று நாட்டவரும் போய்விட்டார்கள். ஒன்றியத்தில் சேராத நோர்வேயும் ஐஸ்லாந்தும் மட்டும் எஞ்சின. ஏறத்தாழ அறுபது பேர் இருந்த குழு இருபதளவில் சுருங்கியது. அந்த யூன் 17 இல் பேசாலைக் கோயிலில் தஞ்சமடைந்திருந்த மக்கள்மீது கைக்குண்டு வீசப்பட்டது. கையில் ஆயுதமில்லாத கண்காணிப்பாளர் எழுதிவைக்கலாம், தடுக்க முடியாது.

2008 சனவரி 16 உடன் உடன்படிக்கை முடிவுற்றது. அவ்வாண்டிலேயே மடு, அடம்பன், விடத்தல்தீவு மக்கள் மீண்டும் மூட்டை கட்டினார்கள். நோர்வே தனது முயற்சியை வெளியாரைக் கொண்டு ஆராய்ந்து 2011 இல் அறிக்கையாக வெளியிட்டது. உதவி கொடுக்கும் நாடுகள் இப்படிச் செய்வது அரிது, பாராட்டத்தான் வேண்டும். 2023 இல் கொழும்பிலிருந்த தூதரகத்தையும் மூடிவிட்டது.

யுத்தத்தின் பின் இந்தியா வீட்டுத்திட்டம் தந்தது. ஒரு புதிய வீட்டுக்கு 5,50,000 ரூபா, தவணை தவணையாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிலேயே வந்தது. நல்ல முறை. ஆனால் வீடு கட்டக் காணி வேண்டுமே! முள்ளிக்குளம் மக்கள் 2007 இல் வெளியேற்றப்பட்டு, ஊர் கடற்படை முகாமாயிற்று. 2017 மார்ச்சில் அவர்கள் வாசலில் அமர்ந்து போராடத் தொடங்கினார்கள். மறைமாவட்டக் குருக்களும் துணைநின்றனர். ஏப்ரல் இறுதியில் 100 ஏக்கரை விடுவிக்கக் கடற்படை இணங்கியது. அந்தப் பேச்சில் எந்த வெளிநாடும் நடுவராக அமரவில்லை.