நடக்கும் உரிமையும் உயிரோடு வீடு திரும்பும் உரிமையும்: ஜி.எஸ்.டி. சாலை யாருக்காக?

தாம்பரம் வழியாகத் தெற்கே செல்லும் ஜி.எஸ்.டி. சாலையில் நிகழும் மரணங்களை நாளிதழ்கள் பெரும்பாலும் நான்கு வரிகளில் முடித்துவிடுகின்றன. சாலையைக் கடக்க முயன்றவர் மீது வாகனம் மோதியது, காவல்துறை வழக்குப் பதிவு செய்து விசாரித்து வருகிறது என்பதோடு செய்தி நின்றுவிடும். அவர் ஏன் அந்த இடத்தில் கடந்தார், கடப்பதற்கு வேறு இடம் இருந்ததா, அவருடைய குடும்பத்திற்கு என்ன கிடைத்தது என்ற கேள்விகளுக்கு அந்த நான்கு வரிகளில் இடமில்லை. சாலைப் பாதுகாப்பை ஓட்டுநரின் ஒழுக்கம் சார்ந்த செய்தியாக மட்டுமே பேசிப் பழகிவிட்டோம். அது அடிப்படையில் ஓர் உரிமைச் சிக்கல் என்பதே நம் வாதம்.

தலித் மக்களுக்கு இது புதிய வாதம் அன்று. பொதுச் சாலையில் நடப்பதே மறுக்கப்பட்ட மக்கள் நாம். எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவரும் எந்தப் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடக்கத் தடையில்லை என்ற தீர்மானத்தை 1924இல் சென்னை சட்டமன்றத்தில் கொண்டுவந்து நிறைவேற்றியவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் பிறந்த கோழியாளம், இதே சாலை தெற்கே கடந்து செல்லும் மதுராந்தகம் பகுதியைச் சேர்ந்த ஊர். பின்னர் அரசியலமைப்புச் சட்டத்தின் 15(2) பிரிவு கிணறு, குளம் ஆகியவற்றோடு சாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, சாதியின் பெயரால் அதைப் பயன்படுத்துவதைத் தடுக்கக் கூடாது என்றது. சட்டம் திறந்துவிட்ட அந்தச் சாலையில் இன்று நடப்பவர் உயிரோடு மறுகரை சேர முடிகிறதா என்பதே நம் முன் உள்ள கேள்வி.

எண்கள் சொல்வதும் மறைப்பதும்

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022ஆம் ஆண்டில் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நிகழ்ந்தன. 1,68,491 பேர் இறந்தனர். விபத்துகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது: 64,105 விபத்துகள், 17,884 மரணங்கள். நாட்டில் இறந்தவர்களில் ஏறத்தாழ 45 விழுக்காட்டினர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள்; 32,825 பேர் நடந்து சென்றவர்கள். மொத்தச் சாலை நீளத்தில் சுமார் 2 விழுக்காடே உள்ள தேசிய நெடுஞ்சாலைகள் மட்டும் 61,000க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தன.

இந்த ஆவணத்தில் வயது உண்டு, பாலினம் உண்டு, வாகன வகை உண்டு, சாதி இல்லை. சிறைவாசிகளின் சாதியை ஆண்டுதோறும் தொகுத்து வெளியிடும் அரசு, சாலையில் இறந்தவர்களின் சாதியைக் கேட்பதில்லை. ஆனால் நடப்பவர் யார் என்பது நாம் அறியாதது அன்று. கார் வாங்கும் வசதி இல்லாதவர், இருட்டில் வேலைக்குப் புறப்படுபவர், விடியுமுன் சாலையோரத்தைப் பெருக்கும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர், கட்டட வேலை முடிந்து பேருந்துக்கு நிற்பவர், வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் ஆகியோரே இச்சாலைகளில் நடக்கிறார்கள். இந்தத் தொழில்கள் எந்தச் சமூகங்களின் தோளில் ஏற்றப்பட்டுள்ளன என்பதை விளக்க வேண்டியதில்லை. கணக்கெடுக்கப்படாத இழப்புக்குக் கொள்கையில் இடம் கிடைப்பதில்லை.

ஊருக்குள் ஓடும் நெடுஞ்சாலை

பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி ஆகிய ஊர்களை இந்தச் சாலை இரண்டாகப் பிளந்து செல்கிறது. பெரும்பாலான இடங்களில் இருப்புப்பாதையும் பக்கத்திலேயே ஓடுகிறது. ஒரு பக்கம் வீடு. மறுபக்கம் ரயில் நிலையமோ பள்ளியோ சந்தையோ. சென்னைப் புறவழிச்சாலை பெருங்களத்தூரிலும், மீஞ்சூர் வரை செல்லும் வெளிவட்டச் சாலை வண்டலூரிலும் இதனோடு சேர்கின்றன. தொலைதூரப் பேருந்தும் கனரக லாரியும் உள்ளூர்ப் பாதசாரியும் ஒரே இடத்தில் சந்திக்க வேண்டிய அமைப்பு இது.

வண்டலூரை ஒட்டிய பகுதியில் சாலை எட்டு வழிகளாக அகலப்படுத்தப்பட்டது. ஒரு வழித்தடத்தின் அகலம் மூன்றரை மீட்டர் என்றால், எட்டு வழிகளைக் கடக்க 28 மீட்டர் நடக்க வேண்டும். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் முதியவருக்கு இடைவிடாத 28 நொடிகள் தேவை. நடைமேம்பாலம் கட்டிவிட்டோம் என்று பொறியாளர்கள் கூறலாம். தலையில் சுமையும் இடுப்பில் குழந்தையும் கொண்ட பெண்ணும், முழங்கால் தேய்ந்த தொழிலாளியும் அத்தனை படிகளை ஏறி இறங்குவார்கள் என்று எதிர்பார்ப்பது, அவர்களைக் கணக்கில் கொள்ளாமல் திட்டமிடுவதாகும். சாலையின் நடுத்தடுப்பை அடைத்துவிட்டால் வாகனம் அடுத்த திருப்பம் வரை சென்று திரும்பும். நடப்பவரோ தடுப்பின் மேல் ஏறுவார். அதைக் கவனக்குறைவு என்று பதிவேடு எழுதிக்கொள்ளும்.

2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டு, தென்மாவட்டப் பேருந்துகள் கோயம்பேட்டிலிருந்து அங்கு மாற்றப்பட்டன. ஆனால் முனையம் திறந்த நாளில் அதற்கென ரயில் நிலையமோ, நெடுஞ்சாலைக்கு மேலே ரயில் பாதையோடு இணைக்கும் ஆகாய நடைபாதையோ இல்லை. பேருந்துக்கான வழி முதலில் வந்தது. நடப்பவருக்கான வழி பின்னால் வரும் என்று விடப்பட்டது. இந்த வரிசையே நம் சாலைத் திட்டமிடலின் மனநிலையைக் காட்டிவிடுகிறது.

வேகத்தின் கணக்கு

வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். ஆபத்தைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை அழுத்தவே ஒன்றரை நொடி ஆகும் எனக் கொண்டால், மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் உலர்ந்த சாலையில் நிற்கச் சுமார் 35 மீட்டர் தேவை. 80 கிலோமீட்டரில் அது 70 மீட்டரை நெருங்கும். மணிக்கு 50இலிருந்து 65 கிலோமீட்டராக வேகம் கூடும்போது, காரின் முன்பகுதி மோதிய பாதசாரி இறக்கும் வாய்ப்பு நான்கரை மடங்காகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் சாலையை வேகத்திற்காகவே வடிவமைத்துவிட்டு, 'வேகம் விவேகமன்று' என்று பலகை வைப்பதால் பயனில்லை. வடிவமைப்பே வேகத்தைக் குறைக்க வேண்டும்.

அரசின் அளவுகோலும் கவனிக்கத்தக்கது. சுமார் 500 மீட்டர் நீளத்தில் மூன்று ஆண்டுகளில் மரணமோ கொடுங்காயமோ விளைவித்த 5 விபத்துகள், அல்லது 10 மரணங்கள் நிகழ்ந்தால்தான் ஓர் இடம் தேசிய நெடுஞ்சாலையில் 'கரும்புள்ளி' ஆகும். அந்த எண்ணிக்கை நிறையும் வரை நம் உயிர்கள் அங்கே தரவுகளாகச் சேர்ந்துகொண்டிருக்க வேண்டும்.

விளிம்புக்குத் தள்ளப்பட்டவர்களின் பயணம்

தென்சென்னைப் புறநகரின் சாலைப் பாதுகாப்பை மறுகுடியமர்த்தலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய இடங்களில் நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் குடியமர்த்தப்பட்டன. அவர்களில் தலித் குடும்பங்கள் மிகுதி. வீடு இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளிப் போனது. வேலை பழைய இடத்திலேயே நின்றது. நடந்து வேலைக்குச் சென்றவர்கள் ஷேர் ஆட்டோவிலும் நெரிசல் பேருந்திலும் கடன் வாங்கி எடுத்த இருசக்கர வாகனத்திலும் நெடுஞ்சாலை வழியே நாள்தோறும் போய்வர நேர்ந்தது. வெளியேற்றம் என்பது வீட்டை மட்டும் பறிப்பதன்று. ஒவ்வொரு நாளும் சாலையில் எதிர்கொள்ள வேண்டிய ஆபத்தின் அளவையும் அது கூட்டிவிடுகிறது.

2019 செப்டம்பர் 12 அன்று பள்ளிக்கரணை அருகே துரைப்பாக்கம்–பல்லாவரம் சாலையில், அனுமதியின்றி வைக்கப்பட்ட பேனர் சரிந்து விழுந்ததில், இருசக்கர வாகனத்தில் சென்ற 23 வயதுப் பெண் பொறியாளர் தண்ணீர் லாரியில் சிக்கி இறந்தார். மாநிலமே அதிர்ந்தது, உயர் நீதிமன்றம் அரசைக் கடுமையாகக் கண்டித்தது. அந்தச் சினம் முற்றிலும் நியாயமானது. நாம் கேட்பது, அதே சாலைகளில் சாகும் தூய்மைப் பணியாளருக்கும் சித்தாளுக்கும் அந்தச் சினத்தில் பங்கு வேண்டும் என்பதே.

உயிருக்கு என்ன விலை?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவின்கீழ், இழப்பீடு இறந்தவரின் வருமானத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது. சரளா வர்மா (2009), பிரணய் சேத்தி (2017) வழக்குகளில் உச்ச நீதிமன்றம் வகுத்த முறை இது. ஓர் எடுத்துக்காட்டு: 30 வயதுக் கூலித் தொழிலாளி, மாத வருமானம் 10,000 ரூபாய், சார்ந்திருப்போர் நால்வர். எதிர்கால உயர்வுக்கு 40 விழுக்காடு சேர்த்தால் 14,000, ஆண்டுக்கு 1,68,000. சொந்தச் செலவுக்குக் கால் பங்கு கழித்தால் 1,26,000. அந்த வயதுக்குரிய பெருக்கெண் 17. ஆக, 21,42,000 ரூபாய். அதே வயதில் மாதம் 60,000 ரூபாய் ஊதியம் பெறும் நிரந்தரப் பணியாளருக்கு எதிர்கால உயர்வு 50 விழுக்காடு. தொகை, வருமான வரிக் கழிவுக்கு முன், 1,37,70,000 ரூபாய். ஊதியத்தில் ஆறு மடங்காக இருந்த வேறுபாடு, இழப்பீட்டில் ஆறு மடங்கையும் தாண்டிவிடுகிறது. தலைமுறைகளாகக் குறைந்த கூலியில் நிறுத்தப்பட்டவரின் உயிர், சாவிலும் அதே கூலியால் அளக்கப்படுகிறது.

நம் குடும்பங்கள் அறிந்திருக்க வேண்டியவை

முதலாவது, சிகிச்சை. 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான செலவை அரசு ஏற்கிறது. காப்பீட்டு அட்டை தேவையில்லை. 2025இல் ஒன்றிய அரசு அறிவித்த திட்டம், 7 நாள்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குக் கட்டணமில்லாச் சிகிச்சை அளிக்கிறது. காயமுற்றவரைக் கொண்டுசேர்ப்பவர் மீது வழக்குத் தொடுக்கக் கூடாது என்கிறது 134ஏ பிரிவு.

இரண்டாவது, முதல் தகவல் அறிக்கை. அதில் 'கவனக்குறைவாகக் கடந்தார்' என்ற தொடர் இடம்பெற்றால், பங்களிப்புத் தவறு என்று கூறி இழப்பீட்டைக் குறைக்க அதுவே ஆயுதமாகும். நகலைக் கேட்டுப் பெற்றுப் படியுங்கள். தவறிருந்தால் எழுத்து மூலம் மறுப்பைப் பதிவு செய்யுங்கள்.

மூன்றாவது, இழப்பீட்டு வழிகள். மோதிய வாகனம் தெரியாமல் போனாலும் மரணத்திற்கு 2 லட்சம், கொடுங்காயத்திற்கு 50,000 ரூபாய் உண்டு. 164ஆம் பிரிவில் யார் தவறு என்று நிறுவாமலே மரணத்திற்கு 5 லட்சம் பெறலாம். ஆனால் அதை ஏற்றுக்கொண்டால் 166இன்கீழ் கூடுதலாகக் கோரும் உரிமை போய்விடும். அவசரத்தில் கையெழுத்திட வேண்டாம். 166இன்கீழ் மனுச் செய்ய 6 மாதக் கெடுவைச் சட்டம் விதிக்கிறது. அதை எதிர்த்த வழக்குகள் உச்ச நீதிமன்றத்தில் உள்ளன என்றாலும் கெடுவுக்குள் மனுச் செய்வதே பாதுகாப்பு. பணியின்போது இறந்த தொழிலாளியின் குடும்பம், தொழிலாளர் இழப்பீடு குறித்த சட்டம், மோட்டார் வாகனச் சட்டம் இரண்டில் ஒன்றைத் தேர்ந்துகொள்ளலாம். நலவாரிய அட்டை, வங்கிப் பதிவு, மேஸ்திரியின் கூலிக் குறிப்பு என வருமானத்தைக் காட்டும் எதையும் தூக்கி எறியாதீர்கள்.

நான்காவது, வழக்கறிஞர். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் எல்லாப் பெண்களுக்கும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி உண்டு என்கிறது 1987ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டம். உதவி எண் 15100.

பொறுப்பு யாருடையது?

ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்து 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானது. 2022இல் அதன் மேயர் பதவி பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. நாம் பெருமை கொள்ளத்தக்க பிரதிநிதித்துவம். எனினும் நகரின் உயிர்பறிக்கும் முதன்மைச் சாலை நெடுஞ்சாலை அமைப்புகளின் கையில் உள்ளது. போக்குவரத்து, 2022 ஜனவரியில் தொடங்கிய தாம்பரம் காவல் ஆணையரகத்தின் கையில். அதிகாரம் இப்படிச் சிதறியிருக்கும்போது ஒவ்வொருவரும் அடுத்தவரைச் சுட்டுவது எளிதாகிறது.

சட்டம் பொறுப்பைச் சுட்டாமல் இல்லை. பிழையான வடிவமைப்பாலோ பராமரிப்பாலோ உயிர் போனால் அதிகார அமைப்பும் ஒப்பந்ததாரரும் தண்டனைக்குரியவர் என்கிறது 198ஏ பிரிவு. தண்டனை அதிகபட்சம் ஒரு லட்சம் ரூபாய் அபராதம். பல கோடி ஒப்பந்தத்தில் அது ஒரு பொருட்டே அன்று. கோவை மருத்துவர் எஸ். ராஜசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில், தடையற்ற நடைபாதை என்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் கூறியது. கருணையாகக் கேட்டுவந்த ஒன்று இப்போது உரிமையாகிவிட்டது.

எனவே நம் கோரிக்கைகள் தெளிவானவை. குடியிருப்புகளுக்கு நடுவே செல்லும் நெடுஞ்சாலைப் பகுதிகளில் தரைமட்டக் கடவையும் அதற்கான சிக்னலும் வேண்டும். 1.8 மீட்டர் அகலத் தடையற்ற நடைபாதை, இந்திய சாலைக் காங்கிரஸின் வழிகாட்டுதல்படி, இருபுறமும் வேண்டும். தூய்மைப் பணியாளர்கள் வேலை செய்யும் இடத்தில் வாகனத் தடுப்பு வைக்க வேண்டும்; ஒளிரும் மேலாடையோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான சாலைப் பாதுகாப்புக் குழுவின் கூட்டக் குறிப்புகளை வெளியிட வேண்டும். விபத்துத் தரவில் தொழிலும் சமூகப் பிரிவும் பதிவாக வேண்டும். மறுகுடியிருப்புகளுக்கு இரவிலும் விடியலிலும் பேருந்து வேண்டும்.

இவற்றில் எதற்கும் புதிய சட்டம் தேவையில்லை. பொதுச் சாலை அனைவருக்கும் என்று நூறாண்டுகளுக்கு முன்பே ஏற்கப்பட்டுவிட்டது. அந்தச் சாலையை நடப்பவருக்கும் ஏற்றதாக அமைக்கும் கடமையே இன்னும் நிறைவேற்றப்படாமல் இருக்கிறது.