வீட்டுக் கணினி மூச்சு வாங்குகிறதா?

2020 மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்துவிட்டது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் முறைவைத்துப் பிடித்துக்கொண்டு பாடம் படித்த வீடுகள் எத்தனையோ. அப்போதுதான் பல குடும்பங்கள் அவசர அவசரமாக ஒரு மேசைக் கணினி வாங்கின. புதிது வாங்க முடியாதவர்கள், காருக்குச் சொல்வதுபோல ‘ரிகண்ட்’ கணினி வாங்கினார்கள். அலுவலகங்களில் சில ஆண்டுகள் ஓடி, ஒதுக்கப்பட்டு, துடைத்து, விண்டோஸ் புதிதாகப் போட்டு விற்கப்பட்டவை அவை. குறை சொல்வதற்கில்லை. பிள்ளைகளின் படிப்பை அவைதான் தாங்கின.

இப்போது அந்தப் பெட்டிகளுக்கு வயதாகிவிட்டது. விசையைத் தட்டிவிட்டுக் குளித்துவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. மதிய வெயிலில் தானாக அணைகிறது. கடைக்குத் தூக்கிக்கொண்டு போனால் பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான்: “ஃபார்மேட் போடணும்” அல்லது “ரொம்பப் பழசு, புதுசு வாங்கிடுங்க”. வீட்டிலோ ஒருவர் பழுது பார்க்கலாம் என்பார், இன்னொருவர் தூக்கிப் போடு என்பார்.

என்னைக் கேட்டால், அந்த வாக்குவாதமே சீக்கிரம் தொடங்கிவிடுகிறது. முதலில் எது கெட்டுப்போயிருக்கிறது என்று தெரிய வேண்டும். நாம் ‘சிபியு’ என்று சொல்லும் அந்தப் பெட்டி ஒரே பொருளல்ல. பவர் சப்ளை, மதர்போர்ட், ப்ராசஸர், ரேம், ஹார்ட் டிஸ்க், காற்றாடிகள் என்று ஏழெட்டுப் பொருள்கள் ஒரு தகரப் பெட்டிக்குள் குடியிருக்கின்றன. மடிக்கணினியில் பல பாகங்கள் பலகையோடு ஒட்டியே வரும். மேசைக் கணினியில் பெரும்பாலானவற்றைத் தனித்தனியாகக் கழற்றி மாற்றலாம். ஒருவருக்குக் காய்ச்சல் என்பதற்காகக் குடும்பத்தையே வீடு மாற்றச் சொல்வதில்லையே!

பெட்டி சொல்லும் அடையாளங்கள்

உயிரே இல்லையென்றால், சுவர் பிளக்கையும் பெட்டியின் பின்பக்கத்துச் சிறு விசையையும் பாருங்கள். வீடு கூட்டும்போது துடைப்பம் பட்டு அணைந்த விசைக்காகக் கடை வரை போய் வந்தவர்கள் உண்டு. அதுவும் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் பவர் சப்ளை மேல். மாலையானால் இடி மின்னல் அடிக்கும் கிள்ளான் பள்ளத்தாக்கில் முதல் அடியை வாங்குவது பெரும்பாலும் அதுதான். அதை மட்டும் மாற்றிவிட்டால் பல பெட்டிகள் எழுந்துகொள்ளும். ஆனால் நீங்களே பவர் சப்ளையைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே மின்சாரம் தேங்கி நிற்கும். இன்னொன்று: டெல், ஹெச்பி, லெனோவோ போன்றவற்றின் சிறிய அலுவலகப் பெட்டிகள் பலவற்றில் சாதாரண பவர் சப்ளை பொருந்தாது. லோ யாட் பிளாசாவுக்குப் போனாலும் சரி, பக்கத்துக் கடைக்குப் போனாலும் சரி, பழையதைக் கழற்றிக் கையோடு கொண்டு போங்கள்.

ஒவ்வொரு முறை திறக்கும்போதும் தேதி பழைய ஆண்டுக்குப் போகிறதா? இணையப் பக்கமெல்லாம் ‘பாதுகாப்பற்றது’ என்று பயமுறுத்துகிறதா? இரண்டுக்கும் காரணம் ஒன்றாக இருக்கலாம். மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 என்ற காசளவு பேட்டரி தீர்ந்துபோயிருக்கும். சில வெள்ளிக்குக் கிடைக்கும் பொருள். இதற்காக ஒரு கணினியையே ஒதுக்கிவைப்பதைப் போன்ற வீண் செலவு வேறில்லை.

சூடேறி அணைந்தால், தூசியைத்தான் முதலில் நினைக்க வேண்டும். சாமி அலமாரிக்குப் பக்கத்தில் தரையில் வைத்த பெட்டியைத் திறந்து பாருங்கள். சாம்பிராணிப் புகையும் ஊதுவத்தி எண்ணெயும் தூசியோடு கலந்து காற்றாடியில் பிசுபிசுவென்று ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, வெளியே கொண்டுபோய், மென்மையான தூரிகையால் துடைக்கலாம். காற்று ஊதுவதாக இருந்தால் இறக்கை சுழலாமல் விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். அப்படியும் சூடு தணியவில்லையென்றால் ப்ராசஸர் மேலுள்ள பசை காய்ந்திருக்கும். கடையில் மாற்றிவிடுவார்கள்.

வேகம்தான் குறையா? ‘டாஸ்க் மேனேஜர்’ திறந்து பாருங்கள். டிஸ்க் எப்போதும் நூறு விழுக்காட்டில் நின்றால், சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான் பெட்டியை இழுத்துப் பிடிக்கிறது. அதற்குப் பதில் எஸ்எஸ்டி போட்டால் அதே கணினி வேறு கணினியாகிவிடும். செய்த செலவுக்குக் கண்ணுக்குத் தெரிந்து பலன் தரும் பழுது இதைப்போல் இன்னொன்றை நான் பார்த்ததில்லை. ரேம் கூட்டுவதும் உதவும். ஆனால் செயற்கை நுண்ணறிவு நிலையங்களுக்காக நினைவகச் சில்லுகள் அள்ளிச் செல்லப்படுவதால் 2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறிக்கிடக்கிறது, எஸ்எஸ்டியும் அதன் பின்னே போகிறது. இரண்டு மூன்று கடைகளில் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

‘டக், டக்’ சத்தம்

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ‘டக், டக்’ என்று சத்தம் வந்தால் மட்டும் பேச்சு வேறு. அங்கே கணினியை மறந்துவிட்டு, உள்ளே இருப்பதை நினைக்க வேண்டும்.

கிள்ளானில் இருக்கும் என் அக்கா வீட்டுப் பெட்டி 2020இல் வாங்கிய ரிகண்ட்தான். சென்ற ஆண்டு கடைசியில் அது இப்படித்தான் தட்டத் தொடங்கியது. கடைக்காரர் வழக்கம்போல, “ஃபார்மேட் போட்டா சரியாயிடும்” என்றார். அக்காவும் தலையாட்ட இருந்தார். ஆனால் அந்த டிஸ்க்கில்தான் 2020 தீபாவளியன்று பதிவு செய்த காணொளி அழைப்பு இருந்தது. யாரும் யார் வீட்டுக்கும் போக முடியாத அந்தத் தீபாவளியில் தோட்டத்து வீட்டிலிருந்து பாட்டி பேசியது. அடுத்த ஆண்டு பாட்டி இல்லை. அவர் குரல் நீளமாகப் பதிவானது அது ஒன்றில்தான், வேறெங்கும் நகல் கிடையாது. குரலை வைத்துப் பிழைக்கும் எனக்கு அது எவ்வளவு பெரியது என்று சொல்லத் தேவையில்லை.

உடனே அணைத்துவைக்கச் சொன்னேன். சாகும் நிலையிலுள்ள டிஸ்க்கை ஒவ்வொரு முறை இயக்குவதும் கடைசி முறையாகிவிடலாம். அதைக் கழற்றி, யுஎஸ்பி இணைப்பான் வழியாக வேறொரு கணினியில் மாட்டி, மற்ற எதையும் தொடாமல் அந்தக் காணொளியைத்தான் முதலில் நகலெடுத்தோம். இரண்டு முறை நின்றது, மூன்றாவது முறை வந்துவிட்டது. பிறகு புகைப்படங்கள். அக்கா மகளின் மூன்றாம் படிவத்துப் பாடக் கோப்புகளுக்கு வரும்போது டிஸ்க் ஒரேயடியாக ஓய்ந்தது. பாட்டிக்காக அவள் அதை மன்னித்துவிட்டாள்.

இந்த நிலையில் ஃபிரிட்ஜில் வைத்தால் டிஸ்க் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உள்ளே ஈரம் படிந்து இருந்ததும் போய்விடும். முற்றிலும் ஓய்ந்த டிஸ்க்கிலிருந்து தரவு மீட்டுத் தரும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அந்தக் கட்டணம் பழைய பெட்டியின் விலையையே தாண்டிப் போகலாம். எந்தப் பழுதுக்காகக் கடைக்குப் போனாலும் முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும்: “டேட்டா ஜங்கான் பாடாம்.”

எப்போது விடைகொடுக்கலாம்?

மதர்போர்ட் போய்விட்டால் பெரும்பாலும் கதை முடிந்தது. அந்தத் தலைமுறைக்குப் பொருந்தும் பலகையைத் தேடிப்பிடிப்பதற்குள் புதிய பெட்டிக்கே பாதிப் பணம் ஆகிவிடும். பழுதுச் செலவு புதிதின் விலையில் பாதியைத் தொட்டால் நான் பழுது பார்க்க மாட்டேன்.

இன்னொரு காரணம் வெளியிலிருந்து வருகிறது. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு டிபிஎம் 2.0 வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை ப்ராசஸர் வேண்டும். ஐ5-6500 என்றிருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 6தான் தலைமுறை. ரிகண்ட் பெட்டிகளில் பல இங்கேதான் தோற்கின்றன. பாகம் எதுவும் கெடவில்லை, ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு வராது. வங்கிக் கணக்கு பார்க்கும் கணினிக்கு அது சின்ன விஷயமில்லை.

இடைக்கால வழி ஒன்று இருக்கிறது. விண்டோஸ் 10க்கான நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டத்தில் பதிந்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை புதுப்பிப்பு கிடைக்கும். அக்கா வீட்டில் அதைத்தான் செய்தோம். அத்தானுக்குப் புதிதே வாங்கிவிட வேண்டுமென்று ஆசை. ஆனால் மகள் இவ்வாண்டு எஸ்.பி.எம். எழுதுகிறாள். அதற்குப் பிறகு கல்லூரிக்கு எப்படியும் மடிக்கணினி கேட்பாள். ஆகவே இப்போதைக்கு ஓர் எஸ்எஸ்டி மட்டும் போட்டு, பெரிய பணத்தை அதற்கென்று எடுத்துவைத்தார்கள். தட்டச்சு செய்யவும் இணையம் பார்க்கவும் மட்டுமே பெட்டி வேண்டுமென்றால், லினக்ஸ் மின்ட் போட்டு இன்னும் சில காலம் ஓட்டலாம். அதற்கு வீட்டில் பழகிக்கொள்ளத் தயாரான ஒருவர் வேண்டும்.

புதிது வாங்கினால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். தொழிலுக்கல்லாத சொந்தப் பயன்பாட்டுக் கணினிக்கு, வாழ்க்கைமுறை வரி விலக்கில் 2,500 ரிங்கிட் வரம்புக்குள் கணக்குக் காட்டலாம். பழுது பார்த்தாலும் எழுத்தில் விலை, மாற்றிய பாகத்துக்கு உத்தரவாதம், கழற்றிய பழைய பாகம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். நல்ல பாகத்தைக் கழற்றிக்கொண்டு வேறொன்றை மாட்டிவிட்டார்கள் என்ற புகார் புதிதல்ல. பேசித் தீராவிட்டால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை ஐந்து ரிங்கிட் கட்டணத்தில் பதியலாம், வழக்கறிஞர் தேவையில்லை.

கடைசியாக, பழைய பெட்டி. பழைய இரும்பு வாங்க லோரியில் வருகிறவரிடம் தள்ளிவிடாதீர்கள். மலேசியாவில் மின்னணுக் கழிவு ‘எஸ்டபிள்யூ110’ என்ற எண்ணில் அட்டவணைக் கழிவாக வகைப்படுத்தப்பட்டிருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் உரிமம் பெற்றவர்கள்தான் அதைக் கையாள வேண்டும். சேகரிப்பு மையத்துக்குக் கொண்டுபோகும் முன் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். நான்கு திருகாணிதான். அக்கா வீட்டு டிஸ்க் இன்னும் அலமாரியில், பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது. காணொளி இப்போது எங்கள் மூன்று வீடுகளிலும் இருக்கிறது.