எடுத்தாள்வதும் பெயர் சொல்வதும்

பிறர் நூலிலிருந்து கருத்தையும் சொல்லையும் எடுத்துக்கொண்டு புதிய நூல் செய்வதைத் தமிழ் இலக்கணம் குற்றமாகக் கருதியதில்லை. அதற்கு முறை வகுத்திருக்கிறது. தொல்காப்பியத்தின் மரபியல், நூல்களை முதல் நூல், வழி நூல் என்று இரண்டாகப் பிரிக்கிறது. முன்னிருந்த நூலைச் சுருக்குவது, விரிப்பது, இரண்டையும் சேர்த்துச் செய்வது, மொழிபெயர்ப்பது என்று வழி நூல் பிறக்கும் வகை நான்கு. தொல்காப்பியரும் எல்லா விதியையும் தாமே கண்டதாகச் சொல்லிக்கொள்வதில்லை. 'என்ப', 'மொழிப', 'என்மனார் புலவர்' என்று தமக்கு முந்தைய புலவர்களை நூல் நெடுகக் கைகாட்டுகிறார். ஆனால் அந்தப் புலவர்களின் பெயரை அவர் சொல்லவில்லை. அவர்கள் யார், என்ன நூல் செய்தார்கள் என்று அறிய இன்று வழியே இல்லாமல் போய்விட்டது.

13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் ஒரு படி மேலே போகிறார். வழி நூலோடு சார்பு நூல் என்ற மூன்றாம் வகையும் அவரிடம் உண்டு. பழைய இலக்கண நூல்களின் சில நூற்பாக்களை அவர் சொல் மாற்றாமல் அப்படியே தம் நூலில் வைத்திருக்கிறார். ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கும் நூலிலேயே விடை உண்டு: முன்னோர் கருத்தைப் போலவே அவர்கள் சொல்லும் மதிப்புக்குரியது, அவர்களுக்கு மாறாக வேறொரு நூல் செய்ய முனையவில்லை என்பதும் தெரிய வேண்டும். எடுத்ததை மறைக்காமல், எடுத்த காரணத்தையும் வெளிப்படையாகச் சொல்லும் இந்த நேர்மை இன்றைக்கும் முன்மாதிரியாகக் கொள்ளத் தக்கது.

இந்த மூன்று வகைக்கும் சைவ மரபு காட்டும் எடுத்துக்காட்டு தெளிவானது. சுந்தரர் பாடிய திருத்தொண்டத்தொகை பதினொரு பாடல் கொண்ட சிறு பதிகம். அது முதல் நூல். நம்பியாண்டார் நம்பியின் திருத்தொண்டர் திருவந்தாதி வழி நூல். 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் பாடிய பெரியபுராணம் சார்பு நூல். பல்லாயிரம் அடிகள் கொண்ட காப்பியத்தைத் தொடங்கும்போதே, கதைக்கு அடிப்படை சுந்தரரின் பதிகம் என்பதையும், தாம் செல்லும் வழி நம்பி வகுத்தது என்பதையும் சேக்கிழார் சொல்லிவிடுகிறார். கம்பரும் அப்படியே. வடமொழியில் இராமகதை செய்தவர் மூவர் என்றும், அவர்களில் முந்தியவர் சொன்னபடி தாம் பாடுவதாகவும் பாயிரத்தில் தெரிவிக்கிறார். வான்மீகியிடமிருந்து அவர் விலகும் இடங்கள் எத்தனையோ உண்டு. கதைக்கு உரியவர் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டதால், அந்த மாற்றங்கள் கம்பரின் படைப்பாற்றலாகத் தனித்துத் தெரிகின்றன.

செய்யுளுக்குள்ளேயே மேற்கோள் காட்டிய புலவரும் உண்டு. மணிமேகலையின் சிறைசெய் காதையில் சாத்தனார் வாழ்க்கைத் துணைநலம் அதிகாரத்துக் குறள் ஒன்றை முழுமையாக எடுத்து வைக்கிறார். அது பொய்யில்லாத புலவன் ஒருவன் சொன்னது என்ற குறிப்பையும் சேர்த்தே தருகிறார். திருக்குறளுக்குப் பழைய காலத்தில் கிடைத்த சான்றுகளில் இது முக்கியமானது. மணிமேகலைக்கு முன்பே குறள் இருந்தது என்று ஆய்வாளர்கள் உறுதியாகச் சொல்வதற்கு இந்தச் சில அடிகளே துணை நிற்கின்றன.

இடைக்கால உரையாசிரியர்களின் காலத்தில் மேற்கோள் ஒரு கலையாகவே வளர்ந்தது. சிலப்பதிகாரத்துக்கு உரை எழுதிய அடியார்க்குநல்லார், பழைய இசைநூல்களும் நாடக நூல்களும் தம் காலத்துக்கு முன்பே இறந்துபட்டன என்று வருந்துகிறார். எஞ்சியவற்றில் தாம் துணைகொண்டவை இசைநுணுக்கம், இந்திரகாளியம், பஞ்சமரபு, பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத்தமிழ் நூல் ஆகிய ஐந்து என்று, செய்தவர் யார் என்பதோடு பட்டியலிடுகிறார். இந்த ஐந்தில் பஞ்சமரபு பிற்காலத்தில் சுவடியாகக் கிடைத்து 20ஆம் நூற்றாண்டில் அச்சேறியது. அப்படியொரு நூல் இருந்தது, அதைச் செய்தவர் அறிவனார் என்பதை அதற்கு வெகுகாலம் முன்பே அடியார்க்குநல்லார் பதிந்து வைத்திருந்தார்.

மேற்கோள்களின் புண்ணியத்தால் மட்டுமே பிழைத்திருக்கும் நூல்கள் தமிழில் ஏராளம். ஐம்பெருங்காப்பியங்களில் வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாக இல்லை. பிறர் எடுத்தாண்ட பாடல்களே மிஞ்சின. மூவேந்தரைப் பாடும் முத்தொள்ளாயிரத்தில் நூற்றுக்குச் சற்று மேற்பட்ட பாடல்கள் கிடைத்திருக்கின்றன. அவற்றைக் காப்பாற்றியது புறத்திரட்டு என்ற தொகை நூல். தொகுத்தவர் பெயர் தெரியவில்லை. ஆனால் எந்தப் பாடல் எந்த நூலைச் சேர்ந்தது என்ற குறிப்பை அவர் விட்டுச் சென்றிருக்கிறார். அந்தக் குறிப்பு இல்லாதிருந்தால் இப்பாடல்கள் பெயரற்ற தனிப்பாடல்களாகிப் போயிருக்கும். யாப்பருங்கல விருத்தி என்ற உரைநூலில் ஒரு பகுதிக்கு அப்படித்தான் நேர்ந்தது. அவிநயம், காக்கைபாடினியம் போன்ற மறைந்த நூல்களின் பெயரைச் சொல்லி எடுத்த பகுதிகளும் அதில் உண்டு. பெயர் சொல்லாமல் எடுத்த பாடல்களும் நிறைய உண்டு. முன்னவற்றைக் கொண்டு இலக்கண வரலாறு எழுத முடிந்தது. பின்னவை யாருடையவை என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. மறைந்த நூல்களைப் பற்றி மயிலை சீனி. வேங்கடசாமி தொகுத்த தனி நூலுக்குப் பெரும்பாலும் இத்தகைய மேற்கோள்களே ஆதாரம்.

பெயர் சொல்லாமல் விட்டதன் விலையை நன்கு அறிந்தவர் பதிப்பாசிரியர் உ.வே. சாமிநாதையர். சீவக சிந்தாமணிக்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரை மேற்கோள்களால் நிறைந்தது. ஆனால் அடியைத் தந்துவிட்டு 'என்றார் பிறரும்' என்று சொல்லி அவர் நகர்ந்துவிடுவார். உரை எழுதிய காலத்துப் புலவர்களுக்கு அது போதுமானதாக இருந்திருக்கலாம். சில நூற்றாண்டு கழித்துச் சங்க நூல்களின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாதபோது, அந்த அடிகள் விடுகதைகளாகிவிட்டன. சாமிநாதையர் அவற்றைத் தேடி ஏடு ஏடாகப் புரட்டினார். திருவாவடுதுறை மடத்துச் சுவடிகளில் பொருநராற்றுப்படையைப் படித்தபோது, உரையில் கண்ட அடிகள் அங்கே இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார். சிந்தாமணி 1887இல் வெளிவந்தது. மேற்கோள் அடிகளுக்கான அந்தத் தேடலே அவரைச் சங்க நூல்களிடம் கொண்டு சேர்த்தது. 1889இல் பத்துப்பாட்டும் 1894இல் புறநானூறும் அச்சேறின.

தாம் பட்ட பாடு பின்னால் வருபவர்களுக்கு வேண்டாம் என்பதுபோல் அவருடைய பதிப்புகள் அமைந்தன. எந்தச் சுவடி எந்த ஊரில் யாரிடமிருந்து கிடைத்தது என்று முன்னுரையில் இருக்கும். உரையில் வரும் மேற்கோள்களுக்கு நூலும் இடமும் அடிக்குறிப்பில் இருக்கும். மணிமேகலையின் பௌத்தக் கருத்துகளை விளங்கிக்கொள்ளத் துணைபுரிந்தவர் கும்பகோணம் கல்லூரிப் பேராசிரியர் ரங்காசாரியார் என்பதையும் அவர் மறக்காமல் பதிவு செய்தார். ஒரு பதிப்பின் பின்னால் எத்தனை பேர் உழைத்திருக்கிறார்கள் என்பது இதனால் தெரிகிறது. எந்தச் சுவடியில் எந்தப் பாடம் இருந்தது என்று சரிபார்க்கவும் வழி கிடைக்கிறது.

எடுத்தாள்வதைப் பொறுத்தவரை, இன்றைய இந்தியச் சட்டம் கருத்தையும் அதை வெளியிட்ட வடிவத்தையும் பிரித்துப் பார்க்கிறது. 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில், ஒரு நாடகத்தின் கரு திரைப்படத்தில் எடுத்தாளப்பட்டது என்ற புகாரை விசாரித்த உச்ச நீதிமன்றம், கருத்துக்கும் கருப்பொருளுக்கும் பதிப்புரிமை கிடையாது என்றது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காகவும் ஆய்வுக்காகவும் நியாயமான அளவில் மேற்கோள் காட்ட இடம் தருகிறது. உரிமையை விற்றுவிட்ட பிறகும் படைப்பைத் தன்னுடையது என்று சொல்லிக்கொள்ளும் உரிமை படைப்பாளிக்கு உண்டு என்பது அதன் 57ஆம் பிரிவு.

பிறர் கருத்தை மட்டும் எடுப்பவரை இந்தச் சட்டம் தொடாது. அங்கே கல்வி உலகின் விதி நிற்கிறது. பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் கொண்டுவந்த ஒழுங்குமுறைப்படி, ஆய்வேட்டில் பிற எழுத்தோடு ஒத்துப்போகும் பகுதி 10 சதவீதம் வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 சதவீதம் வரை திருத்தித் தர வேண்டும். 60 வரை ஓராண்டு தடை. அதற்கு மேல் பதிவே ரத்து. உரியவர் பெயரோடு காட்டிய மேற்கோள்களும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேரா. கணினி மென்பொருள் சொற்களின் ஒற்றுமையைத்தான் காட்டும். வாக்கியங்களை மாற்றியெழுதி, பிறர் கண்ட முடிவைத் தன் முடிவாக வைப்பவரின் ஆய்வேடு 5 சதவீதத்தில் தேறிவிடக்கூடும். எனவே சொல்லை மாற்றினாலும் கருத்துக்கு உரியவரைக் குறிக்க வேண்டும். மூல நூலைப் பார்க்காமல் இன்னொருவர் நூலில் கண்ட மேற்கோளை எடுத்தால், அந்த இன்னொருவரையும் குறிக்க வேண்டும். அவர் பிழையாக எடுத்திருந்தால், பிழை எங்கே தொடங்கியது என்பதை அந்தக் குறிப்பைக் கொண்டே கண்டுபிடிக்க முடியும்.