காகம் கற்பித்த பாடம்

ஆதி பிதா ஆதம் (அலை) அவர்களின் மைந்தர் இருவருள் ஒருவன், பொறாமைத் தீயில் வெந்து, தன் உடன்பிறந்தானைக் கொன்றான். கொன்ற பின்னர் அவ்வுடலை என்ன செய்வதென்று அறியாது திகைத்து நின்றான். அப்போது வல்ல அல்லாஹ் ஒரு காகத்தை அனுப்பினான். அது நிலத்தைத் தோண்டிக் காட்டியது. இந்தக் காகத்துக்கு உள்ள அறிவுகூடத் தனக்கு இல்லாமற் போயிற்றே என்று அம்மனிதன் நொந்து கொண்டான். திருக்குர்ஆனின் ஐந்தாம் அத்தியாயமாகிய அல் மாயிதாவின் 31ஆம் வசனம் இவ்வரலாற்றை நமக்கு உணர்த்துகின்றது.

இவ்வரலாற்றைக் கொலையின் கொடுமையை விளக்கவே நாம் பெரிதும் எடுத்துரைக்கிறோம். அதனுள் மற்றொரு படிப்பினையும் பொதிந்துள்ளது. படைப்பினங்களில் சிறந்தவன் என்று பெருமை பேசும் மனிதன், தனக்குத் தெரியாத ஒரு செயல்முறையைக் கறுத்த சிறு பறவை ஒன்றிடம் கற்றுக் கொண்டான். ஆசிரியராக வந்தது காகம். மாணவனாக நின்றது மனிதன். அன்று தொடங்கிய அந்தப் பள்ளிக்கூடம் இன்றும் மூடப்படவில்லை. இன்றைய விஞ்ஞானிகளும் பொறியியல் வல்லுநர்களும் அதன் வாயிலில் மாணவராய் நிற்பதை நாம் கண்கூடாகக் காண்கிறோம்.

பார்க்குமாறு பணிக்கும் மறை

அருள்மறையின் அத்தியாயங்கள் சிலவற்றின் பெயர்களை எண்ணிப் பாருங்கள். தேனீ, எறும்பு, சிலந்தி என்று சிற்றுயிர்களின் பெயர்களை அவை தாங்கி நிற்கின்றன. ஒட்டகம் எவ்வாறு படைக்கப்பட்டுள்ளது என்பதைக் கவனிக்க வேண்டாமா என்று 88ஆம் அத்தியாயம் வினவுகின்றது. தலைக்கு மேலே சிறகுகளை விரித்தும் மடக்கியும் பறக்கும் பறவைகளை நோக்குமாறு 67ஆம் அத்தியாயம் பணிக்கின்றது. பூமியில் ஊர்வனவும் வானில் பறப்பனவும் நம்மைப் போன்ற சமுதாயங்களே என்று ஆறாம் அத்தியாயத்தின் 38ஆம் வசனம் அறிவிக்கின்றது.

இவ்வசனங்கள் இயந்திரம் செய்யும் முறையை எழுதி வைத்த கைநூல் அல்ல. அவை நம் கண்களைத் திறக்கச் சொல்லும் கட்டளைகள். கண்டபின் சிந்திக்க வேண்டும். சிந்தித்தபின் படைத்தவனின் பேரறிவை உணர்ந்து பணிய வேண்டும். பார்த்தல், சிந்தித்தல், பணிதல் ஆகிய மூன்றும் ஒரே வணக்கத்தின் மூன்று படிகள் எனலாம்.

குர்துபா முதல் இராமேசுவரம் வரை

இக்கட்டளையின்படி உலகை உற்று நோக்கியோர் நம் முன்னோரில் பலர். ஒன்பதாம் நூற்றாண்டில் பஸ்ராவில் வாழ்ந்த அல் ஜாஹிஸ், விலங்கினங்களைப் பற்றியே ‘கிதாபுல் ஹயவான்’ எனும் பெருநூலை இயற்றினார். அதே நூற்றாண்டில் ஸ்பெயினின் குர்துபா நகரில் வாழ்ந்த அப்பாஸ் இப்னு பிர்னாஸ், பறவைகளைப் பார்த்துத் தாமும் பறக்க முனைந்தார். உடலில் இறகுகளைப் பொருத்தி, சிறகுகள் அமைத்து, உயரமான இடத்திலிருந்து பாய்ந்து சிறிது தொலைவு பறந்தார். ஆனால் இறங்கும்போது முதுகில் அடிபட்டார். பறவைகள் தரையிறங்க வாலைப் பயன்படுத்துவதை அவர் கருதாததே அதற்குக் காரணம் என்று பிற்கால வரலாற்றாசிரியர் அல் மக்கரீ எழுதியுள்ளார். சிறகைக் கவனித்தவர் வாலைக் கவனிக்கத் தவறினார். எனினும் அவரது முயற்சியை உலகம் மறக்கவில்லை. நிலவிலுள்ள பள்ளம் ஒன்று அவர் பெயரைத் தாங்கியுள்ளது.

ஆயிரம் ஆண்டுகளுக்கும் பின்னர், நம் தமிழகத்தின் இராமேசுவரத்தில், தொடக்கப் பள்ளி ஒன்றில் அதே பாடம் மீண்டும் நடந்தது. ஆசிரியர் சிவசுப்பிரமணிய ஐயர் கரும்பலகையில் பறவையின் உருவத்தை வரைந்து, அதன் தலையையும் சிறகையும் வாலையும் காட்டி, அது பறக்கும் விதத்தை விளக்கினார். மாணவர்களுக்கு விளங்கவில்லை. அவர் சினங்கொள்ளவில்லை, மாலையில் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாறுவதையும் உயிருள்ள பறவைகளைக் கொண்டே காட்டினார். அன்று அங்கே நின்ற முஸ்லிம் சிறுவர்தாம் டாக்டர் ஏ.பி.ஜெ. அப்துல் கலாம். தம் வாழ்வின் இலக்கு அன்றுதான் உறுதிப்பட்டது என்று அவர் பின்னாளில் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். விமானப் பொறியியல் பயின்ற அவர் தலைமையேற்று உருவாக்கிய எஸ்.எல்.வி.–3 ஏவுகலம், 1980ஆம் ஆண்டு ஜூலை 18ஆம் நாள் ரோகிணி செயற்கைக்கோளை விண்ணில் செலுத்தியது. 2002இல் அவர் நாட்டின் குடியரசுத் தலைவரானார்.

கரும்பலகையில் விளங்காதது கடற்கரையில் விளங்கியது. இறைவனின் படைப்பே தலைசிறந்த பாடநூல் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ?

தாமரை இலையும் தண்ணீரும்

பட்டும் படாமலும் வாழ்வதைத் ‘தாமரை இலைத் தண்ணீர் போல’ என்று கூறுவது தமிழர் வழக்கு. குளத்தில் தாமரை பூத்த ஊர்களில் இக்காட்சியைக் காணாதவர் இலர். தண்ணீர் முத்து முத்தாக உருண்டோடும்; இலை நனையாது. அதன்மீது படிந்த தூசும் நீரோடு போய்விடும். சேற்றில் வளர்ந்தும் இலை தூய்மையாகவே இருக்கும்.

நாம் பழமொழியாக்கி மகிழ்ந்த இதனை, ஜெர்மானியத் தாவரவியல் அறிஞர் வில்ஹெல்ம் பார்த்லோட் 1970களில் எலெக்ட்ரான் நுண்ணோக்கியால் ஆராயத் தொடங்கினார். வழுவழுப்பானதாகத் தோன்றும் அவ்விலையின் மேற்பரப்பு உண்மையில் மேடு பள்ளமானது என்று கண்டார். கண்ணுக்குப் புலனாகாத நுண்ணிய முகடுகள் அதில் நிறைந்துள்ளன. அவற்றின்மேல் மெழுகுப் படிகங்கள் மூடியுள்ளன. நீர்த்துளி அம்முகடுகளின் நுனியில் மட்டுமே அமர்கிறது. அடியில் காற்று தங்கி நிற்கிறது. ஆகவே துளி பரவாமல் உருள்கிறது. உருளும்போது தூசையும் ஒட்டிக்கொண்டு செல்கிறது. இத்தத்துவத்தை அவர் 1997இல் விரிவாக வெளியிட்டார். 1999இல் மழை நீரிலேயே அழுக்கு நீங்கும் சுவர் வண்ணப்பூச்சு விற்பனைக்கு வந்தது. வழுவழுப்பே தூய்மைக்கு வழி என்று எண்ணியிருந்த உலகுக்கு, நுண்ணிய சொரசொரப்பும் தூய்மை தரும் என்று கற்பித்தது ஒரு குளத்து இலை.

மீன்கொத்தியும் விரைவு ரயிலும்

விழுப்புரத்தையும் புதுச்சேரியையும் இணைத்து 1879இல் திறக்கப்பட்ட ரயில் பாதை நம் வளவனூர் வழியே செல்கின்றது. நெல்வயல்களும் கரும்புத் தோட்டங்களும் ஏரிகளும் சூழ்ந்த இவ்வட்டாரத்தில், நீர்நிலை ஓரத்துக் கம்பியில் மீன்கொத்தி அமர்ந்திருப்பது நாம் அன்றாடம் காணும் காட்சி. ரயிலையும் மீன்கொத்தியையும் ஒருசேரக் கண்டும், இரண்டையும் இணைத்து எண்ணிப் பார்த்தோமில்லை. ஜப்பானியப் பொறியாளர் ஒருவர் எண்ணிப் பார்த்தார்.

அந்நாட்டின் விரைவு ரயில்கள் பெருவேகத்தில் குகைப் பாதையுள் நுழையும்போது, முன்னே தள்ளப்பட்ட காற்று மறுமுனையில் வெடியோசை போல் வெளிப்பட்டது. அருகில் வாழ்ந்த மக்கள் அல்லலுற்றனர். பறவைகளை உற்று நோக்கும் பழக்கமுடைய எய்ஜி நகாட்சு எனும் பொறியாளர், மீன்கொத்தி காற்றிலிருந்து நீருள் பாயும்போது சிறிதளவே நீர் தெறிப்பதைக் கவனித்தார். அதன் நீண்டு கூரிய அலகின் வடிவில் ரயிலின் முகப்பு அமைக்கப்பட்டது. 1997இல் ஓடத் தொடங்கிய அந்த ரயில் மணிக்கு 300 கிலோமீட்டர் வேகத்தில் சென்றது; வெடியோசை அடங்கியது; மின்சாரச் செலவும் குறைந்தது.

நம் பிள்ளைகளின் காலணியிலும் பள்ளிப் பையிலும் ‘பர்’ என்ற ஓசையுடன் பிரியும் ஒட்டுப் பட்டையும் இவ்வாறு பிறந்ததே. 1941இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால், தம் ஆடையிலும் நாயின் உரோமத்திலும் ஒட்டிய முள்விதைகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அவற்றில் கொக்கிகளைக் கண்டார். வயலுக்குச் சென்று திரும்பும் நம்மவரின் வேட்டியில் நாயுருவி ஒட்டுகிறது. நாம் அதனை உதறிவிட்டு நடக்கிறோம்!

பனைமரம் உணர்த்தும் விதி

விழுப்புரம் மாவட்டத்தில் பனைமரங்களுக்குக் குறைவில்லை. புயற்காற்றில் வளைந்தும் முறியாது நிற்கும் அம்மரத்தை வெட்டிப் பார்த்தால், வெளிப்புறத்தில் கரிய வலிய நார்கள் நெருங்கியிருக்கும். உட்புறம் மென்மையாக இருக்கும். வலிய நார்களை மென்மையான பொருள் பிணைத்து நிற்பதால் எடை குறைந்து உறுதி மிகுகின்றது. மூங்கிலிலும் இதே விதியைக் காணலாம். இன்றைய விமானங்களிலும் ஏவுகணைகளிலும் பயன்படும் கூட்டுப்பொருள்கள், கரி இழைகளைப் பிசினில் பிணைத்து, இவ்விதியின்படியே அமைந்துள்ளன.

இப்பொருள் அழிவுக்கே அன்றி அருளுக்கும் உதவும் என்பதை டாக்டர் கலாம் காட்டினார். ஐதராபாத்தில் நிஜாம் மருத்துவ நிலையத்தின் எலும்பு மருத்துவர் ஒருவர், ஏவுகணைக்கென உருவாக்கப்பட்ட இலேசான பொருளைக் கண்டு வியந்து, அவரைத் தம் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கால் நலிந்த சிறுவர் சிறுமியர் மூன்று கிலோவுக்கும் மேற்பட்ட உலோகத் தாங்கு கருவிகளைக் காலில் கட்டி இழுத்து நடந்தனர். மூன்று வாரங்களில் 300 கிராம் எடையில் புதிய கருவிகள் ஆயத்தமாயின. குழந்தைகள் ஓடியாடினர், பெற்றோர் கண்ணீர் வடித்தனர். தம் வாழ்வில் பேரின்பம் தந்த நிகழ்ச்சிகளுள் ஒன்றாக இதனை அவர் குறிப்பிட்டார். படைப்பில் காணும் விதி படைப்பினங்களின் துயர் துடைக்கப் பயன்படும்போதுதான், கல்வி நற்செயலாக உயர்கின்றது.

‘முன்பே உண்டு’ என்பது போதுமா?

விஞ்ஞானி ஒருவர் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டால், ‘இது எங்கள் மறையில் முன்பே உண்டு’ என்று மேடையில் முழங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. சிந்தித்துப் பாருங்கள். பறவையைப் பார் என்ற கட்டளை நமக்கு வந்தது, பார்த்தவர் வேறொருவர். தேனீயைச் சிந்தி என்ற கட்டளை நமக்கு வந்தது, சிந்தித்தவர் வேறொருவர். கட்டளையைப் பெற்றவன், அதனை நிறைவேற்றியவனைப் பார்த்து, ‘எனக்குத்தான் முதலில் சொல்லப்பட்டது’ என்று பெருமை கொள்வது முறையாகுமா? வெட்கப்பட வேண்டிய இடத்தில் பெருமிதம் கொள்ளலாகாது.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. கற்றவர் சிலர் தம்மையே படைப்பாளராகக் கருதிச் செருக்குறுகின்றனர். எல்லோரும் ஒன்று திரண்டாலும் ஓர் ஈயைப் படைக்க இயலாது என்று 22ஆம் அத்தியாயத்தின் 73ஆம் வசனம் உவமை கூறுகின்றது. மீன்கொத்தியின் அலகைப் பார்த்து ரயில் செய்யலாம். ஆனால் அந்த ரயில் முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பதில்லை. பார்த்து எழுதுபவன் மாணவனே அன்றி நூலாசிரியன் அல்லன்.

ஆசிரியரைக் காத்தல்

பாடம் கேட்டவன் ஆசிரியரைப் பேண வேண்டும். மனிதனைப் பூமியில் தன் பிரதிநிதியாக ஆக்கிய இறைவன், இவ்வுயிர்களை அவன் கையில் அமானிதமாகவே ஒப்படைத்துள்ளான். தாமரைக் குளத்தைக் குப்பையால் தூர்த்துவிட்டால், அடுத்த தலைமுறைக்கு அப்பாடத்தை யார் நடத்துவார்? ஏரி வற்றினால் மீன்கொத்தி எங்கே செல்லும்? இன்னும் எவராலும் படிக்கப்படாத பாடங்கள் எத்தனையோ நம் வாய்க்கால் கரைகளில் இருக்கக்கூடும். படிக்கும் முன்னரே அப்பக்கங்களைக் கிழித்தெறிவது பெருநட்டமன்றோ!

குஞ்சுகளை இழந்து துடித்த தாய்ப்பறவையைக் கண்ட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், அவற்றைத் திருப்பிக் கொடுக்குமாறு பணித்தார்கள். ஒருவர் நட்ட மரத்தின் கனியை மனிதனோ பறவையோ விலங்கோ உண்டால், அது நட்டவருக்குத் தருமமாகும் என்றும் அறிவித்தார்கள். இவற்றைக் கேட்டு வளர்ந்த இல்லங்களில் ஏரியைக் காப்பதும் மரம் நடுவதும் மார்க்கக் கடமையின் பகுதியாக மதிக்கப்பட வேண்டும்.

பெற்றோரே! பிள்ளைகள் ஓதும் வசனம் எதைப் பார்க்கச் சொல்கிறதோ, அதனை அவர்களுக்குக் காட்டுங்கள். விடுமுறை நாளில் ஏரிக்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். சிலந்தி வலை பின்னுவதையும், எறும்பு சுமை தூக்குவதையும் பொறுமையோடு பார்க்கப் பழக்குங்கள். ‘ஏன்?’ என்று அவர்கள் கேட்டால் அடக்காதீர்கள். விடை தெரியாவிடில் சேர்ந்து தேடுங்கள். ஆண் பிள்ளைக்கும் பெண் பிள்ளைக்கும் இதில் வேறுபாடு காட்டாதீர்கள்.

வானங்கள், பூமியின் படைப்பைச் சிந்திக்கும் நல்லடியார்கள், இவற்றை நீ வீணாகப் படைக்கவில்லை என்று தம் இறைவனிடம் கூறுவார்கள் என மூன்றாம் அத்தியாயத்தின் 191ஆம் வசனம் அறிவிக்கின்றது. வீணாகப் படைக்கப்படாத ஒன்றை வீணாக்காதிருக்கவும், பார்க்கும் கண்ணையும் பணியும் உள்ளத்தையும் நம் மக்களுக்கு வழங்கவும் வல்ல அல்லாஹ் அருள்புரிவானாக! ஆமீன்.