நொடித்த பிரயாணக் கம்பெனியும் சர்க்கார் பணமும்

நெசவாளர் சங்கமாயினும் விவசாயிகள் சங்கமாயினும், நஷ்டக் கணக்கு வாசிக்கப்படும் மகாசபைக் கூட்டத்தில் ஒரு கேள்வி தவறாமல் எழுகிறது: "சர்க்கார் கைகொடுத்தால் என்ன?" இக்கேள்வியை அயல்நாட்டுக் கம்பெனி ஒன்றின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம். நம் சங்கத்துக் கணக்கைப் பார்க்கும்போது பாசம் கண்ணை மறைக்கும். பிறர் கணக்கில் அந்த இடையூறு இல்லை.

1841-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் தேதி, தாமஸ் குக் என்னும் தச்சர், மதுவிலக்குக் கூட்டம் ஒன்றிற்காக இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரை, ஆளுக்கு ஒரு ஷில்லிங் கட்டணத்தில் ரெயிலில் அழைத்துச் சென்றார். அவர் பெயரால் வளர்ந்த பிரயாணக் கம்பெனி 1948 முதல் 1972 வரை பிரிட்டிஷ் சர்க்காரின் உடைமையாகவே இருந்தது. பின்னர் தனியார் கைக்கு மாறி, 2019 செப்டம்பர் 23 அன்று மூடப்பட்டது. (நம் நாட்டில் அப்பெயருடன் நடைபெறும் கம்பெனி 2012-லேயே வேறு உடைமையாளரிடம் சென்றுவிட்டமையால் அதற்குக் கேடு நேரவில்லை.)

பிரயாணக் கம்பெனியின் வரவு செலவு சற்று விசித்திரமானது. கோடை விடுமுறைக்கான பணத்தை மக்கள் பல மாதம் முன்னதாகவே கட்டிவிடுகின்றனர். ஹோட்டல்காரருக்குப் பணம் போய்ச் சேர்வதோ பெரும்பாலும் அவர்கள் தங்கிச் சென்ற பிறகு. ஆகவே கோடையில் கை நிறையப் பணம் புரளும். அதில் பெரும்பகுதி பிறருடையது. குளிர்காலம் வந்ததும் வரவு வற்றி, கொடுக்க வேண்டியவை மட்டும் வரிசையாக வந்து நிற்கும். தீபாவளிக்கு ஜவுளி விற்று, அதன்பின் நூல் கடனைத் தீர்க்கும் சங்கத்தார்க்கு இது புரியாத விஷயமன்று.

இக்கம்பெனியின் கடன் சுமார் 170 கோடி ஸ்டெர்லிங் பவுன். 2019 மார்ச்சுடன் முடிந்த அரையாண்டில் மட்டும் 150 கோடி பவுன் நஷ்டம் காட்டப்பட்டது. அதில் 110 கோடி, 2007-இல் மைடிராவல் என்னும் மற்றொரு கம்பெனியுடன் இணைந்தபோது ஆஸ்தியாக எழுதப்பட்ட 'நற்பெயர் மதிப்பு'. பன்னிரண்டு ஆண்டுகள் புத்தகத்தில் இருந்து, ஒரே நாளில் அது மறைந்தது. தணிக்கைக்குச் செல்லும் நாம் நூலை நிறுத்துப் பார்க்கிறோம், சேலையை எண்ணிப் பார்க்கிறோம். நற்பெயரை எந்தத் தராசில் வைப்பது?

சீனத்து ஃபோசுன் கம்பெனியும் கடன் கொடுத்த பாங்கிகளும் சேர்ந்து 90 கோடி பவுனில் ஒரு மீட்புத் திட்டம் வகுத்தன. குளிர்காலத்தைத் தாண்ட மேலும் 20 கோடி வேண்டுமென்று பாங்கிகள் இறுதி வேளையில் வற்புறுத்தவே, கம்பெனி பிரிட்டிஷ் சர்க்காரை நாடியது. சர்க்கார் மறுத்தது. கொடுத்தாலும் கம்பெனி சிறிது காலமே பிழைத்திருக்கும் என்பது ஒரு காரணம். நஷ்டத்தைப் பொதுமக்கள் தலையில் இறக்கிவிடலாம் என்ற துணிச்சல் பிற கம்பெனிகளுக்கும் பிறந்துவிடும் என்பது பிரதம மந்திரி போரிஸ் ஜான்சன் கூறிய காரணம்.

மறுப்பும் இலவசமாகக் கிடைக்கவில்லை. உலகெங்கும் 21,000 ஊழியர் வேலையிழந்து நின்றனர். அவர்களில் 9,000 பேர் பிரிட்டனில் இருந்தவர்கள். அயல்நாடுகளில் சிக்கிய சுமார் 1,40,000 பிரயாணிகளை இரண்டு வாரத்தில் 746 விமானப் பயணங்களில் ஊர் சேர்த்தார்கள். இதற்கும் ஊழியர் நஷ்டஈட்டுக்கும் பிறவற்றிற்குமாகப் பொக்கிஷத்திற்குச் சுமார் 15 கோடியே 60 லட்சம் பவுன் செலவென்று அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் 2020-இல் கணக்கிட்டது. கேட்டது 20 கோடி, கொடுக்காமல் செலவானது 15 கோடிக்கு மேல். கொடுத்தே தொலைத்திருக்கலாமே என்று தோன்றும். நம் கருத்து வேறு. செலவான 15 கோடி அத்துடன் முடிந்த கணக்கு. 20 கோடியோ, 170 கோடி கடன்பட்டவர்க்குக் கொடுக்கும் முதல் தவணை. அடுத்த குளிர்காலத்தில் கம்பெனி வீழ்ந்திருந்தால் இரண்டு செலவும் சேர்ந்தே வந்திருக்கும். அதன் 555 கடைகளை ஹேஸ் டிராவல் என்னும் கம்பெனி 2019 அக்டோபரில் வாங்கி, ஊழியர் பலருக்கு வேலையும் அளித்தது.

சர்க்கார் துணிந்து மறுக்க முடிந்ததற்கு மற்றொரு காரணமும் உண்டு. பிரிட்டனில் இத்தகைய விடுமுறைப் பிரயாணம் ஒவ்வொன்றிலும் தலைக்கு 2.50 பவுன் பிடித்து ஒரு பாதுகாப்பு நிதியில் சேர்க்கின்றனர். முன்பணம் கட்டி ஏமாந்தவர்க்குத் திருப்பித் தரவும், சிக்கியவர்களை மீட்கவும் அந்நிதியிலிருந்து ஏறத்தாழ 48 கோடி பவுன் தேவைப்படுமென மதிப்பிடப்பட்டது. அந்நிதி இல்லையேல் கதறும் குடும்பங்களின் முன் எந்த மந்திரியும் உறுதியாக நின்றிருக்க முடியாது.

ஜெர்மனி வேறு வழி சென்றது. இதே குடும்பத்தைச் சேர்ந்த காண்டோர் விமானக் கம்பெனிக்கு மத்திய சர்க்காரும் ஹெஸ்ஸே மாநிலமும் 38 கோடி யூரோ இடைக்காலக் கடனுக்குப் பொறுப்பேற்றன. காண்டோர் தன்னளவில் லாபம் ஈட்டிய கம்பெனி. தாய்க் கம்பெனி வீழ்ந்ததால் கைப்பணம் வறண்டது. 2020-இல் தொற்றுநோய்க் காலத்தில் அதற்கு மீண்டும் 55 கோடி யூரோ கடன் வேண்டியிருந்ததையும் மறைக்கலாகாது. 2021-இல் அதன் 51 சதவீதப் பங்கு ஒரு முதலீட்டு ஸ்தாபனத்திற்குச் சென்றது. அதன் விமானங்கள் இன்றும் பறக்கின்றன.

சங்கங்களின் மனுக்களிலும் நாம் முதலில் தேடுவது இந்த வேற்றுமையைத்தான். துணி விற்றுப் பணம் வரத் தாமதமா, துணியே விற்கவில்லையா? முதலாவதற்குக் கடன் நியாயம். இரண்டாவதற்குக் கொடுத்தால், பழைய பாக்கி தீர்ந்ததும் தறிகள் மறுபடி ஓய்ந்து நிற்கும்.

கூட்டுறவாளர்க்கும் இவ்வரலாற்றில் பங்குண்டு. பிரிட்டனின் கோஆப்பரேட்டிவ் குரூப், 2011-இல் தன் பிரயாணக் கடைகளைத் தாமஸ் குக் கடைகளுடன் இணைத்து, கூட்டு ஸ்தாபனத்தில் 30 சதவீதப் பங்கு பெற்றது. நிர்வாகம் குக் கம்பெனியிடமே இருந்தது. அப்பங்கை விற்று விலகுவதென 2016-இல் முடிவு செய்தார்கள். கம்பெனி மூடப்பட்டபோது அவர்கள் அங்கத்தினர் பணம் அதில் இல்லை.